கழுவிய கார்புரேட்டரை மீண்டும் பூட்டும் முறை: பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் பல வீடுகளின் முன்னால் இன்னமும் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த மோட்டார் சைக்கிள்கள்தாம் நிற்கின்றன. ஹோண்டா இஎக்ஸ்5, அதற்கு முந்திய சி70, 1996ஆம் ஆண்டு வந்த மோடெனாஸ் கிரிஸ், இளைஞர்கள் விற்க மனம் வராமல் வைத்திருக்கும் யமஹா ஆர்எக்ஸ்இசட் என்று வகை வகையாக உண்டு. விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலை பிரிக்கும் ஆள்கணக்கெடுப்புக்கு) போவதும் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிடுவதும் மாலையில் டவுனுக்குச் சாமான் வாங்கப் போவதும் அந்த ஒரே வண்டியில்தான். அது ஒரு காலை கிளம்ப மறுத்தால் அன்றைய சம்பளம் போய்விடும். வீட்டுக்கு ஒருவராவது இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் விரும்புவது அதனால்தான்.

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பார்கள். திரும்பப் பூட்டுவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. "கழற்றியபடியே மாட்டிவிடு" என்பதோடு பாடம் முடிந்துவிடும். ஆனால் "நன்றாகக் கழுவினேன், அப்படியும் ஓட்டம் சரியில்லை" என்று தள்ளிக்கொண்டு வரப்படும் வண்டிகளைப் பார்த்தால், பெரும்பாலும் கோளாறு பூட்டிய விதத்தில்தான் இருக்கும். காற்று நுழையக் கூடாத இடத்தில் நுழைந்துகொண்டிருக்கும். அல்லது டேங்கில் கிடந்த துரு மறுபடியும் ஜெட்டில், அதாவது பெட்ரோலை அளந்துவிடும் பித்தளைத் துளையில், போய் உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டையும் தடுத்துவிட்டால் வேலையில் முக்கால் பங்கு முடிந்தது. இஎக்ஸ்5 போன்ற ஒற்றை கார்புரேட்டர் வண்டியை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். மற்ற வண்டிகளுக்கு இடம் மாறும், முறை மாறாது.

இடமும் நெருப்பும்

வெளியே, காற்றோட்டமான நிழலில் செய்யுங்கள். சமையலறையை ஒட்டிய பின்புறத் தாழ்வாரம் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவி, சில அடி தள்ளி எரியும் அடுப்பையோ சாமி விளக்கையோ கொசுவத்திச் சுருளையோ தொட்டால் போதும், நெருப்பு அங்கிருந்து உங்கள் கைக்கே திரும்பி வரும். தண்ணீர் ஊற்றினால் எரியும் பெட்ரோல் மிதந்து மேலும் பரவும். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். தீயணைக்கும் தூள் குப்பி இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவர் சிகரெட் பிடித்தால் எழுந்து போகச் சொல்லுங்கள். இதில் கூச்சம் பார்க்கக் கூடாது.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சாவி அணைந்திருக்க வேண்டும். பத்தாம் எண் ஸ்பேனர், நல்ல திருப்புளி, வெளிச்சத்துக்கு ஒரு டார்ச், சுத்தமான பருத்தித் துணி, ஒரு முழம் ஒளி ஊடுருவும் குழாய், ஒரு சிறு பிளாஸ்டிக் புட்டி. இவை இருந்தால் போதும்.

திருப்புளியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானிய வண்டிகளில் வரும் கூட்டல்குறித் திருகுகளின் பள்ளம், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் திருப்புளியின் முனைக்குச் சரியாகப் பொருந்தாது. திருகின் தலையில் சின்னப் புள்ளி ஒன்று குத்தியிருந்தால் அது ஜப்பானிய அளவு. அதற்கென்று உள்ள திருப்புளி ஒன்று வாங்கிவிடுங்கள். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்துத் திருகுகள் தலை மழுங்கிக் கிடப்பதெல்லாம் பொருந்தாத முனையால் வந்ததுதான்.

பூட்டுவதற்கு முன்பு மேசையிலேயே ஒரு சோதனை

இதைப் பலர் செய்வதில்லை. செய்தால் அரை நாள் மிச்சம். கழுவி முடித்த கார்புரேட்டரை வண்டியில் மாட்டிய பிறகு ஒழுகுகிறது என்று கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். மேசையில் வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஜெட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாக, தெளிவாகத் தெரிய வேண்டும். மெயின் ஜெட்டின் துளை எளிதில் தெரியும். பைலட் ஜெட்டின் துளை மயிரிழை அளவுதான். அது பாதி அடைத்திருந்தாலும், திராட்டிலைத் தொடாதபோது எஞ்சின் மெதுவோட்டத்தில் நிலைக்காமல் அணைந்துவிடும். அடைத்திருந்தால் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். கழுவும் திரவத்தில் மறுபடி ஊறவைத்துக் காற்றடியுங்கள். ஜெட்டைத் திரும்பத் திருகும்போதும் அந்த மென்மை நினைவில் இருக்கட்டும். உட்கார்ந்ததும் ஒரு சிறு இறுக்கம், அவ்வளவே.

பழுதுபார்க்கும் பை ஒன்று வாங்கி, அதிலுள்ள புது ஜெட்டுகளைப் போடுபவர்களுக்கு என் அறிவுரை: பழைய ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் எண்ணையும் புதியதன் எண்ணையும் ஒப்பிடுங்கள். விலை மலிந்த பைகளில் எண் வேறாக இருப்பது உண்டு. பழைய ஜெட் கெட்டுப்போகாமல் இருந்தால் அதையே கழுவிப் போடுவதுதான் நல்லது. பையிலிருந்து இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டையும் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மிதவைக் கிண்ணத்தின் ரப்பர் கேஸ்கெட் கழுவும் திரவம் பட்டு உப்பிப் போயிருந்தால் பள்ளத்தில் உட்காராது. இழுத்துத் திணிக்க வேண்டாம். ஒரு நாள் காற்றில் கிடந்தால் பெரும்பாலும் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். எதுவும் சரிவராவிட்டால் புதியது போடுங்கள். இந்த இடத்தில் சிலிகான் பசை தடவும் பழக்கம் இருக்கிறதே, அதை அடியோடு விட்டுவிட வேண்டும். பெட்ரோல் பட்டதும் அந்தப் பசை இளகித் துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து நேரே ஜெட்டுக்குப் போகும்.

இப்போது கிண்ணத்தை மூடிவிட்டு, கார்புரேட்டரை வண்டியில் நிற்கும் அதே நிலையில் ஒரு தட்டின் மேல் நிறுத்துங்கள். பெட்ரோல் நுழையும் முனையில் குழாயைச் செருகி, பிளாஸ்டிக் புட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோல் விடுங்கள். கிண்ணம் நிறைந்ததும் மிதவை எழும்பி ஊசியை அடைக்கும். குழாயில் பெட்ரோல் இறங்குவது நின்றுவிட வேண்டும். சில நிமிடம் அப்படியே விட்டுப் பாருங்கள். கிண்ணம் மிஞ்சினால் பெட்ரோல் வெளியேறும் வழிந்தோடும் குழாயில் ஒரு சொட்டுக்கூட வரக் கூடாது. சொட்டினால் மிதவை ஊசியின் முனையில் வளையம் போல் தேய்மானம் இருக்கிறதா, மிதவைக்குள்ளேயே பெட்ரோல் புகுந்து கனத்திருக்கிறதா, மிதவையின் அச்சுக் கம்பி தடையில்லாமல் அசைகிறதா என்று பாருங்கள்.

கிண்ணத்துக்குள் பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். அடியிலுள்ள வடிகால் முனையில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைக் கார்புரேட்டரின் பக்கவாட்டில் மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு வடிகால் திருகைத் தளர்த்துங்கள். குழாயில் தெரியும் மட்டமே உள்ளே இருக்கும் மட்டம். கிண்ணமும் கார்புரேட்டரின் உடலும் சேரும் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றால் பல வண்டிகளுக்குச் சரி. உங்கள் வண்டியின் கையேடு கிடைத்தால் அதில் சொல்லியிருக்கும் அளவே முடிவானது.

காற்று புகாத இணைப்பு

கட்டுரையில் இந்தப் பகுதியைத்தான் மிகவும் கவனமாகப் படிக்கச் சொல்வேன்.

கார்புரேட்டர் கலவையை அளந்து அனுப்புகிறது. அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஏதாவது ஓர் இடுக்கில் கூடுதல் காற்று புகுந்தால் அந்த அளவு பொய்யாகிவிடும். மெதுவோட்டம் ஏறி இறங்கும், முறுக்கி விட்டதும் சத்தம் உடனே தணியாமல் தொங்கும், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். மறுபடி கழுவினாலும் இது தீராது.

கார்புரேட்டரின் முகப்பையும், அது போய் ஒட்டும் உறிஞ்சு குழாயின் முகப்பையும் துணியால் துடையுங்கள். பழைய கேஸ்கெட் ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் சீவுளியால் எடுங்கள். கத்தி வைத்துச் சுரண்டினால் அலுமினியத்தில் கோடு விழும், அந்தக் கோட்டின் வழியே காற்று நுழையும். துடைக்கும்போது எஞ்சின் பக்கத் துளையில் துணி திணித்து வைத்திருங்கள். பூட்டும் முன் அதை எடுக்க மறக்கக் கூடாது. கண்ணில் படும் நிறத் துணியாக இருந்தால் மறதிக்கு வழியில்லை.

அடுத்து, முகப்பு தட்டையாக இருக்கிறதா? ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கார்புரேட்டரின் முகப்பைக் கவிழ்த்து வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால், நடுவில் வெளிச்சம் தெரிந்தால், அது வளைந்திருக்கிறது. இரண்டு போல்ட்டுகளையும் பலம் கொண்ட மட்டும் இறுக்கியதன் விளைவு இது. பழைய இஎக்ஸ்5களில் மிகவும் சாதாரணமாகக் காணலாம். கண்ணாடியின் மேல் மிக நைசான உப்புத்தாளை வைத்து, சிறிது எண்ணெய் விட்டு, எட்டுப் போடுவதுபோல் தேய்த்தால் தட்டையாகிவிடும். ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தின் ஆழம் குறைந்துவிடாதபடி கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். பிறகு உடலை முழுதாகக் கழுவிக் காற்றடிக்க வேண்டும். உப்புத்தாள் தூள் ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் முன்பு செய்த வேலை வீண்.

கார்புரேட்டருக்கும் உறிஞ்சு குழாய்க்கும் இடையில் கறுப்பாக, கெட்டியாக ஒரு தட்டு இருக்கும். வெறும் இடைவெளி நிரப்பி என்று நினைத்து அதை விட்டுவிட்டு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சினின் சூடு கார்புரேட்டருக்கு ஏறாமல் தடுப்பது அந்தத் தட்டுத்தான். அது இல்லாவிட்டால், நண்பகல் வெயிலில் வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பும்போது கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து ஆவியாகி, உதைத்து உதைத்துக் கால்தான் வலிக்கும். விரிசல் இருந்தால் மாற்றுங்கள். அதற்கு இரண்டு பக்கமும் என்ன இருந்ததோ, ஓ-ரிங்கோ கேஸ்கெட்டோ, அதே வரிசையில் புதியதாகப் போடுங்கள். ஓ-ரிங் சில காசுக்குக் கிடைக்கும் பொருள். தட்டையாக நசுங்கிப்போன பழையதைத் திரும்பப் போடுவதில் எந்த லாபமும் இல்லை. பள்ளத்திலிருந்து அது நழுவி விழாமலிருக்க மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவலாம்.

ஸ்லைடும் திராட்டில் கேபிளும்

இஎக்ஸ்5 வகையில் கார்புரேட்டர் முன்பக்கப் பிளாஸ்டிக் கவசத்துக்குள் ஒடுங்கி இருக்கும். உடலைப் பூட்டிவிட்டால் மேல் மூடிக்குள் கை நுழைவது கடினம். ஆகவே திராட்டிலை முறுக்கினால் மேலே எழும்பும் ஸ்லைடை முதலில் இறக்கி மூடியை மூடிவிட்டு, அதன் பிறகு உடலைப் பூட்டுவதே சுலபம்.

ஸ்பிரிங்கை மூடியின் பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கேபிளின் குமிழை ஸ்லைடின் பிளவு வழியே நுழைத்து அதன் குழியில் உட்கார வையுங்கள். ஸ்லைடில் தொங்கும் ஊசியின் கிளிப் எந்தக் காடியில் இருந்ததோ அதே காடியில் இருக்கட்டும். கிளிப்பைக் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து கலவையில் பெட்ரோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும். இதை இப்போது மாற்ற வேண்டிய தேவை எதுவும் இல்லை.

ஸ்லைடின் அடியில் ஒரு பக்கம் சாய்வாக வெட்டியிருக்கும். அந்தப் பக்கம் காற்று வடிகட்டியைப் பார்க்க வேண்டும். ஸ்லைடின் பக்கவாட்டில் ஓடும் நீளமான காடி, உடலின் உட்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முளையில் பொருந்த வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் ஸ்லைடு தன் எடையிலேயே வழுக்கி இறங்கும். தள்ளித்தான் இறக்க வேண்டியிருக்கிறது என்றால் நிறுத்திவிட்டுத் திருப்பிப் பாருங்கள். தவறாக நுழைத்த ஸ்லைடு பாதியில் சிக்கினால், கிளப்பிய நொடியிலேயே எஞ்சின் முழு வேகத்தில் கத்தும்.

மூடியை மூடியதும் திராட்டிலை முழுதாக முறுக்கி விடுங்கள். ஸ்லைடு அடியில் போய் உட்காரும் 'டக்' என்ற ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும். கைப்பிடி ஓரத்தில் சுமார் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை வெற்று அசைவு இருக்கட்டும். பிறகு ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி, இரண்டு கோடியிலும் அதே ஒலி கேட்கிறதா என்று சோதியுங்கள். கேபிள் எங்காவது மடங்கியோ நசுங்கியோ போயிருந்தால் இப்போதே தெரிந்துவிடும். செம்மண் தூசி புகுந்து கேபிள் உள்ளுக்குள் உரசினால், எண்ணெய் விட்டுச் சமாளிப்பதை விடப் புதிய கேபிள் போடுவது பாதுகாப்பு. வளைவில் திராட்டில் திரும்பாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பூட்டுதல்

காற்று வடிகட்டியிலிருந்து வரும் ரப்பர் குழாயை முதலில் கார்புரேட்டரின் வாயில் செருகுங்கள். கடினப்பட்டுப் போன ரப்பரை வெந்நீரில் நனைத்த துணியால் சற்று நேரம் சுற்றி வைத்தால் இளகும். செருகிய பிறகு விரலைச் சுற்றிலும் ஓட்டிப் பாருங்கள். ஓரம் எங்கும் உள்ளே மடங்கியிருக்கக் கூடாது. நம் தோட்டப் பாதைத் தூசி அந்த மடிப்பு வழியே நேரே சிலிண்டருக்குப் போகும், பிஸ்டன் வளையங்களைத் தின்றுவிடும்.

பிறகு உறிஞ்சு குழாயின் பக்கம். இரண்டு போல்ட்டுகளையும் கையாலேயே சில சுற்று ஏற்றுங்கள். முதல் சுற்றிலேயே ஸ்பேனர் தேவைப்பட்டால் மரை ஏறவில்லை என்று பொருள். இரண்டும் கையால் போகும் மட்டும் போன பிறகு, ஸ்பேனரால் இதில் கால் சுற்று, அதில் கால் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கமே போதும். குட்டை ஸ்பேனரைத் தலைக்கு அருகில் பிடித்து மணிக்கட்டால் மட்டும் இறுக்கினால் ஏறக்குறைய அந்த அளவுதான் வரும். ஓ-ரிங்தான் காற்றை அடைக்கிறது, போல்ட் அதைப் பிடித்து வைக்கிறது. தோள் பலத்தைக் காட்டினால் முகப்பு வளையும்.

ரப்பர் குழாயின் கிளிப்பை இறுக்குவது கடைசியில்.

குழாய்கள்

பெட்ரோல் குழாய் விறைத்து வெடித்திருந்தால் முனையை வெட்டிச் சமாளிக்காமல் முழுதாக மாற்றுங்கள். டேங்கில் கிடக்கும் பெட்ரோல் பல மாதம் பழையது என்றால், வார்னிஷ் போல நாற்றமடித்தால், அதை இறக்கிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். இறக்கும்போது ஒரு வெள்ளைத் துணி வழியே வடிய விட்டால் டேங்குக்குள் துரு எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியும். துரு வந்தால் நடுவில் ஒரு சிறு வடிகட்டி போடுவது நல்லது. அதன் மேல் அம்புக்குறி இருக்கும். பெட்ரோல் ஓடும் திசையை அது காட்ட வேண்டும். குழாய் எங்கும் மேல்நோக்கி வளைந்து ஏறாமல், மடங்காமல், எஞ்சினைத் தொடாமல் போகட்டும்.

சில வண்டிகளில் பெட்ரோல் திறப்பானைக் கையால் திருப்ப வேண்டியதில்லை. எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடமே அதைத் திறக்கும். அப்படிப்பட்ட வண்டியில் உறிஞ்சு குழாயிலிருந்து ஒரு மெல்லிய குழாய் திறப்பானுக்குப் போகும். அதை மாட்ட மறந்தால் பெட்ரோலும் வராது, அந்த முனை வழியே காற்றும் புகும். இரண்டு கோளாறு ஒரே மறதியில்.

மூச்சுவிடும் குழாயும் வழிந்தோடும் குழாயும் சும்மா தொங்குகின்றன என்று அலட்சியம் வேண்டாம். மூச்சுக் குழாய் அடைத்தால் கிண்ணத்துக்குப் பெட்ரோல் ஒழுங்காக இறங்காது. சில நாள் நிறுத்தி வைத்த வண்டியில் குளவி அந்தக் குழாய்க்குள் மண் கூடு கட்டிவிடும், ஊதிப் பாருங்கள். வழிந்தோடும் குழாய் புகைபோக்கியின் மேல் படாமல் கீழே தரையைப் பார்த்து நிற்க வேண்டும்.

பெட்ரோல் திறந்து காத்திருத்தல்

திறப்பானைத் திறந்துவிட்டு உடனே உதைக்கக் கூடாது. ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். கிண்ணம் நிறையட்டும். அந்த நேரத்தில் டார்ச் அடித்து எல்லா இணைப்புகளையும் பாருங்கள். வழிந்தோடும் குழாயில் சொட்டுகிறதா? சொட்டினால் திருப்புளியின் கைப்பிடியால் கிண்ணத்தை மெல்லத் தட்டுங்கள். ஊசியில் சிக்கிய சிறு தூசி விலகிவிடலாம். அப்படியும் நிற்காவிட்டால் திறப்பானை மூடிவிட்டு மறுபடி கழற்றத்தான் வேண்டும். ஒழுகும் கார்புரேட்டரோடு வண்டியை இரவு முழுதும் விட்டால் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெய்க் குச்சியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ மட்டம் உயர்ந்திருந்தாலோ எண்ணெயை மாற்றாமல் கிளப்பாதீர்கள்.

முதல் கிளப்பலும் சரிக்கட்டலும்

மெதுவோட்டக் கலவையைச் சரிசெய்யும் காற்றுத் திருகைக் கடிகார முள் சுற்றும் திசையில் மெதுவாக உள்ளே திருகி, அடியில் தொட்டதும் நிறுத்துங்கள். இறுக்கினால் அதன் கூர்முனை உடைந்து உடலுக்குள்ளேயே தங்கிவிடும். தொட்ட இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே திருப்புங்கள். தொடங்குவதற்கு அது நல்ல இடம். சோக்கைப் போட்டு, திராட்டிலைத் தொடாமல் உதையுங்கள். காய்ந்த கார்புரேட்டர் என்பதால் வழக்கத்தை விடச் சில உதை கூடுதலாக ஆகலாம்.

எஞ்சின் பிடித்ததும் சோக்கை மெல்ல மெல்ல விடுங்கள். குளிர்ந்த எஞ்சினில் எந்தத் திருகையும் தொடக் கூடாது. தோட்டத்துக்குள்ளேயே பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றிவிட்டு வந்து சரிக்கட்டுங்கள். முதலில் மெதுவோட்டத் திருகால் வேகத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள். பிறகு காற்றுத் திருகைக் கால் கால் சுற்றாக உள்ளும் வெளியும் திருப்பி, எஞ்சின் மிகச் சீராகவும் வேகமாகவும் ஓடும் இடத்தைக் காதால் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் பிறகு சில விநாடி பொறுக்க வேண்டும். இடம் கிடைத்ததும் மெதுவோட்டத்தைப் பழைய அளவுக்கு இறக்குங்கள்.

உங்கள் கார்புரேட்டரில் அந்தத் திருகு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லைடுக்கும் காற்று வடிகட்டிக்கும் நடுவில் இருந்தால் அது காற்றை அளப்பது. உள்ளே திருகினால் பெட்ரோல் பங்கு கூடும். ஸ்லைடுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருந்தால் அது பெட்ரோலை அளப்பது; வெளியே திருப்பினால்தான் கூடும். இது தெரியாமல் திருப்பினால் மணிக்கணக்கில் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

காற்றுத் திருகு அரைச் சுற்றுக்கும் உள்ளே இருந்தால்தான் எஞ்சின் அணையாமல் ஓடுகிறது என்றால், பெட்ரோல் போதவில்லை: பைலட் வழி இன்னும் அடைத்திருக்கிறது அல்லது எங்கோ காற்று புகுகிறது. மூன்று சுற்றுக்கு மேல் வெளியே வந்தும் புகை கறுப்பாக இருந்தால் பெட்ரோல் மிகுதி: மிதவை மட்டம், சோக் முழுதாகத் திறக்காதது, அடைத்துப்போன காற்று வடிகட்டி என்று அந்தப் பக்கம் தேடுங்கள்.

காற்று புகும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பலர் கார்புரேட்டர் கழுவும் திரவத்தையோ பெட்ரோலையோ ஓடும் எஞ்சினில் தெளிப்பார்கள். சூடான புகைபோக்கிக்குப் பக்கத்தில் அதைச் செய்யவே கூடாது. செடிக்குத் தெளிக்கும் சிறு தெளிப்பானில் தண்ணீர் எடுத்து, எஞ்சின் மெதுவோட்டத்தில் இருக்கும்போது ஒவ்வோர் இணைப்பாகத் தெளியுங்கள். காற்று புகும் இடத்தில் தண்ணீர் பட்டதும் ஓட்டத்தின் சத்தம் ஒரு கணம் மாறும்.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஊசியும் ஜெட்டும் திருகும் ஒன்றாக மாறினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சிம்பாங் புலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போகிறவர்கள், 1,400 மீட்டருக்கு மேலே தானா ராத்தாவில் வண்டி கொஞ்சம் மந்தமாக இழுப்பதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். அங்கே காற்று மெலிவு, அதனால் பெட்ரோல் பங்கு கூடித் தெரிகிறது. கீழே இறங்கியதும் சரியாகிவிடும். மலையில் வைத்துத் திருகைத் திருப்பாதீர்கள்.

டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு

ஆர்எக்ஸ்இசட் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்த வேலைக்கு இன்னும் கவனம் தேவை. சிலிண்டருக்கு எண்ணெய் வருவது பெட்ரோல் கலவையோடுதான். காற்று புகுந்து கலவை மெலிந்தால் சூடு ஏறி பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளக்கூடும். உறிஞ்சு பக்க ரப்பரை வளைத்துப் பார்த்து, நுண்ணிய வெடிப்பு இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

திராட்டில் கேபிள் இரண்டாகப் பிரிந்து, ஒன்று கார்புரேட்டருக்கும் மற்றொன்று எண்ணெயைத் தானே ஊட்டும் ஆட்டோலூப் எண்ணெய் பம்புக்கும் போகும். கார்புரேட்டர் கேபிளைச் சரிசெய்த பிறகு பம்பின் குறிகள் ஒன்றுக்கொன்று நேராக வருகின்றனவா என்று கையேட்டில் உள்ளபடி பாருங்கள். எண்ணெய்க் குழாயைக் கழற்றியிருந்தால் உள்ளே காற்றுக் குமிழி இருக்கும். பம்பிலுள்ள காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் எண்ணெய் வரும்வரை விட்டுப் பிறகு மூடுங்கள். எண்ணெய் சிலிண்டர் வரை வந்து சேரும் வரைக்கும் காப்பாக, முதல் ஓட்டத்துக்கு டேங்கிலேயே சிறிது டூ-டி எண்ணெய் (டூ ஸ்ட்ரோக் எண்ணெய்) கலந்துகொள்வது நல்லது. புகை கொஞ்சம் கூடும், அது பரவாயில்லை.

இரட்டைக் கார்புரேட்டர் வண்டி என்றால் இரண்டு ஸ்லைடுகளும் ஒரே கணத்தில் ஒரே அளவு எழும்ப வேண்டும். அதைச் சரிக்கட்ட வெற்றிட அளவி வேண்டும். முதல் முறை ஒரு நல்ல பட்டறையில் கொடுத்துப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

சாலைக்கு எடுப்பதற்கு முன்

எஞ்சின் மெதுவோட்டத்தில் இருக்கும்போது ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் திருப்புங்கள். சத்தம் கொஞ்சமும் ஏறக் கூடாது. ஏறினால் கேபிள் இழுபடுகிறது. அப்படி ஒரு வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

முதல் நாள் தோட்டச் சாலையிலும் டவுன் தெருக்களிலும் ஓட்டிவிட்டு, எஞ்சின் ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. வெளுத்துச் சுண்ணாம்பு போலிருந்தால் காற்று மிகுதி, கரிபடிந்து உலர்ந்த கறுப்பாக இருந்தால் பெட்ரோல் மிகுதி. இஎக்ஸ்5க்குப் பிளக் முனைகளுக்கு நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். முகப்புப் போல்ட்டுகள் இரண்டையும் குளிர்ந்த நிலையில் இன்னொரு முறை ஸ்பேனர் வைத்துத் தொட்டுப் பாருங்கள். கேஸ்கெட் முதல் சூட்டில் சற்று அமுங்கியிருக்கும். கிண்ணத்தின் அடியிலும் பெட்ரோல் குழாயின் முனைகளிலும் ஈரம் எதுவும் இல்லை என்றால் முன்பக்கப் பிளாஸ்டிக் கவசத்தை மாட்டிவிடலாம். அதன் திருகுகளை முழுதாக இறுக்க வேண்டாம். வெயிலில் காய்ந்த பழைய பிளாஸ்டிக், திருகு அழுந்தும் இடத்திலேயே வெடிக்கும்.